வாங்க மறுப்பவரின் புகார்

அன்பும் அதைவிடக் கொஞ்சம் கூடுதலாகப் பயமும் கொண்டு அக்காவுக்குத் தம்பி எழுதுவது.

உன் உடம்பு, அத்தானின் முழங்கால், பிள்ளைகள் இருவரின் படிப்பு எல்லாம் நல்லபடியாக இருக்கும் என்று நம்புகிறேன். என் நலத்தைப் பற்றி இந்தக் கடிதத்தைப் படித்து முடித்தபின் நீயே ஒரு முடிவுக்கு வந்துகொள். உன் கடிதம் கிடைத்தது. கடிதம் என்று சொல்வது ஒரு மரியாதைக்குத்தான். "வேலை நிரந்தரம் ஆச்சா இல்லையா, ஒரு வரி எழுது" என்று ஒரே ஒரு வரி இருந்தது. போனில் சொல்லிவிடலாம் என்றால், உன் தையல் ஆலையில் போனை வாசலிலேயே பிடுங்கி வைத்துக்கொள்கிறார்கள். வீட்டுக்கு அடித்தால் அத்தான் எடுக்கிறார். "என்னப்பா, ஆச்சா?" என்று கேட்கிறார், நான் "அது வந்து அத்தான்" என்று ஆரம்பிக்கும்போதே "சரி சரி, எல்லாம் நல்லபடியா நடக்கும்" என்று வைத்துவிடுகிறார். ஒரே வரியில் பதில் எழுத நானும் முயன்று பார்த்தேன். "ஆகும்போல இருக்கிறது, ஆனால் ஒரு ஸ்பானருக்கு முத்திரை குத்திவிட்டேன்" என்று வந்தது. அதை அப்படியே அனுப்பினால் நீ அடுத்த பஸ்ஸைப் பிடித்து இங்கே வந்து நிற்பாய். அதனால் முதலிலிருந்து சொல்கிறேன், பொறுமையாகப் படி.

நான் என்ன வேலை பார்க்கிறேன் என்பது உங்கள் வீட்டில் யாருக்கும் சரியாகத் தெரியாது. அத்தான் தன் நண்பர்களிடம் "மச்சான் தபால் ஆபீஸ்ல அதிகாரி" என்று சொல்லிக்கொண்டு திரிவது எனக்கும் தெரியும். நான் அதிகாரி இல்லை. கணக்குப்படி ஊழியன்கூட இல்லை. ஆறு வருஷமாகத் தினக்கூலி. ஊர்க் கடிதங்களையெல்லாம் பிரித்து அனுப்பும் கூடம் எங்களுடையது. நடுவில் ஒரு பெரிய இயந்திரம் நிற்கிறது. அதற்கு ஏசி உண்டு. எங்களுக்கு, அதை ஒட்டி நிற்கும்போது மட்டும் உண்டு. நிமிஷத்துக்குச் சில நூறு உறைகளின் முகவரியைப் படித்து, தபால்தலையின் மேல் தேதி முத்திரையும் குத்தி, தெருவாரியாகத் தள்ளிவிடும். படிக்க முடியாததைத் துப்பிவிடும். துப்பியதெல்லாம் ஒரு நீல பிளாஸ்டிக் தொட்டியில் விழும், தொட்டி என் மேசைக்கு வரும். நடுங்கும் கையெழுத்து, மழையில் கரைந்த மை, "பழைய டாக்டர் வீட்டுக்கு எதிர்ல பச்சைக் கதவு" என்று மட்டும் எழுதிய முகவரி, எல்லாவற்றையும் நான் படித்து, கையால் முத்திரை குத்தி, உரிய பையில் போட வேண்டும். எதைக் கொடுத்தாலும் படித்துவிடுவதால் இங்கே எனக்குப் பூதக்கண்ணாடி என்று பெயர். அந்த இயந்திரத்தால் முடியாத வேலையை நான் செய்கிறேன். இயந்திரத்தை வருஷா வருஷம் ஒப்பந்தம் போட்டுப் பராமரிக்கிறார்கள். என்னிடம் மாதா மாதம் "பார்க்கலாம்" என்கிறார்கள். நிரந்தரமானவர்களுக்கு முதுகு சாய்கிற நாற்காலி, எங்களுக்கு ஸ்டூல். ஆறு வருஷம் ஸ்டூலில் உட்கார்ந்த ஒரு முதுகு இந்த நிர்வாகத்தைப் பற்றி என்ன நினைக்கும் என்பதை எழுத்தில் சொல்லமுடியாது, நீ மூத்தவள், உன் முன்னால் அந்த வார்த்தையெல்லாம் வராது. ஆனால் இந்த வருஷம் ஒரு பட்டியல் தயாரானது. நிரந்தரம் ஆகப்போகிறவர்கள் பதினொரு பேர். ஒன்பதாவது பெயர் என்னுடையது. திங்கட்கிழமை பட்டியல் மேலே போகிறது. இதை மனசில் வைத்துக்கொண்டு மேலே படி.

ஏறக்குறைய இரண்டு வருஷமாக, ஒவ்வொரு செவ்வாய்க்கிழமையும் என் தொட்டியில் ஒரு விசித்திரமான உறை விழும். முதலாவதைப் பார்த்தபோது ஏதோ குழந்தை கிறுக்கியிருக்கிறது என்றுதான் நினைத்தேன். உறை முழுக்க ஒரு துணிக்கொடி. ஒரு சட்டையில் கதவு எண், ஒரு துண்டில் தெருப் பெயர், ஒரு ஜோடி காலுறையில் அஞ்சல் எண், பாதி பாதியாக. இயந்திரம் என்ன செய்யும், பாவம், துப்பிவிட்டது. எல்லாம் சரி, தபால்தலை எங்கே என்று தேடினால், சட்டைக்குப் பையாக ஒட்டியிருந்தது! அடுத்த வாரம் நெரிசலில் நிற்கும் பஸ்கள், ஒவ்வொரு பஸ்ஸின் பலகையிலும் முகவரியின் ஒரு சொல், தபால்தலை கடைசி பஸ்ஸின் பின்கண்ணாடி. இன்னொரு வாரம் ஒரு பாதத்தின் எக்ஸ்ரே; எலும்புக்கு எலும்பு முகவரி ஓடுகிறது, கட்டைவிரல் நகம்தான் தபால்தலை. ஒரு நாளைக்கு ஆயிரம் மின்கட்டண நோட்டீஸ், ஆயிரம் வங்கி எச்சரிக்கை, பெயர்கூடப் போடாமல் "மதிப்பிற்குரிய வாடிக்கையாளர்" என்று ஆரம்பிக்கும் பொய்கள், இவற்றையே பார்த்துப் பார்த்துப் பூத்துப்போன கண்ணுக்கு அது எப்படி இருந்திருக்கும் என்று யோசி. செவ்வாய்க்கிழமைகளில் நான் வேலைக்குச் சீக்கிரம் வர ஆரம்பித்தேன். சூப்பர்வைசர் அதைப் பொறுப்புணர்ச்சி என்று நினைத்துக்கொண்டார்.

விஷயம் அதோடு நிற்கவில்லை. செவ்வாயன்று போகிற உறை, வியாழனன்று திரும்பி வந்துவிடும். மேலே தபால்காரர் கையெழுத்தில் "வாங்க மறுப்பு" என்று இருக்கும். பின்பக்கத்தில் பொடி எழுத்தில் இருக்கும் அனுப்பியவர் முகவரிக்கு நான் திருப்பி அனுப்புவேன். ஒரே ஊர்தான், இந்தக் கோடியிலிருந்து அந்தக் கோடிக்கு. அடுத்த செவ்வாய் புதிதாக ஒன்று. இப்படியே நூறு உறை! வேண்டாம் என்கிற ஆளுக்கு யாராவது நூறு வாரம் எழுதுவார்களா, அதுவும் இவ்வளவு மெனக்கெட்டு? எனக்கு மண்டை குடைந்தது. அந்தப் பக்கத்துத் தபால்காரரைப் பிடித்தேன்.

"அண்ணே, அந்த மாடி வீட்ல யாருண்ணே இருக்கா?"

"ஒரு பிளம்பரு. தனியாத்தான் இருக்காரு. அனுப்பறது பொண்ணு."

"அப்புறம் ஏன் வாங்க மாட்டேங்கறாரு?"

"அத அவரைக் கேளு. கவரைக் கையில வாங்குவாரு, கண்ணாடியப் போடுவாரு, முன்னாடி பின்னாடி திருப்பித் திருப்பிப் பார்ப்பாரு. நான் படியில உக்காந்து தண்ணி குடிச்சு முடிச்சிருவேன். அப்புறமா 'வேணாம், திருப்பி அனுப்பிடு'ம்பாரு. ஆரம்பத்துல ஒரு நிமிஷம் பார்த்தாரு. இப்ப பத்து நிமிஷம் ஆவுது. அவரால மத்த தெருவுக்கெல்லாம் நான் லேட்டு."

அப்பனுக்கும் மகளுக்கும் என்ன சண்டை என்று எங்கள் கூடத்தில் ஆளுக்கொரு கதை வைத்திருந்தார்கள். பொண்ணு பிடித்தவனைக் கட்டிக்கொண்டு போயிருப்பாள் என்றார் விசாரணை ஜன்னலில் உட்காரும் அம்மா. அந்த ஆள் வாய்க்கொழுப்பில் ஏதாவது சொல்லியிருப்பார், பெண் ரோஷக்காரி என்றார் மூட்டை தூக்குகிறவர். சொத்துத் தகராறு என்றார் சூப்பர்வைசர். அவருக்கு உலகத்தில் எல்லாமே சொத்துத் தகராறுதான். மழை பெய்தாலும் அப்படித்தான் சொல்வார்.

இப்போது போன வாரம் செவ்வாய்க்கிழமைக்கு வருகிறேன். அன்று இயந்திரம் படுத்துவிட்டது. அதைப் பார்க்கிற மெக்கானிக் வரும்வரை மொத்த ஊர்த் தபாலும் கையால்தான். எனக்கு ஜுரம் வந்தால் சம்பளம் இல்லை, அதற்கு வந்தால் எனக்கு இரட்டை வேலை. சூப்பர்வைசர் என் பின்கழுத்தில் மூச்சு விடுகிற தூரத்தில் நின்று "ம், ம், சீக்கிரம்" என்று சொல்லிக்கொண்டிருந்தார். அப்போது அந்த உறை கைக்கு வந்தது. இந்த முறை ஒரு குளியலறைச் சுவர். சின்னச் சின்ன நீலப்பூ போட்ட டைல்ஸ் ஒரு ஐம்பது, நடுவில் ஒரு குழாய், கீழே வாளி. கதவு எண் சோப்பில், தெருப் பெயர் பற்பசையில். வலது மேல் மூலையில், விதிப் புத்தகத்தில் சொன்ன அதே இடத்தில், சமர்த்தாக ஒரு தபால்தலை. நூறு வாரமாகச் சட்டைப் பையிலும் கால் நகத்திலும் ஒளித்து என்னை அலைய விட்டவள், இன்றைக்காவது ஒழுங்காக ஒட்டினாளே என்று மனசாரப் பாராட்டிவிட்டு ஓங்கி ஒரு குத்து குத்தினேன். அக்கா, அவள் சரியான இடத்தில் வைத்தது அந்த ஒன்றைத்தான். அது ஒட்டியதல்ல, வரைந்தது.

மூட்டை கட்டும் முன் சூப்பர்வைசர் சும்மா ஒரு கத்தையை எடுத்துப் புரட்டிப் பார்ப்பார். அன்றைக்கு அவர் கையில் அதுதான் சிக்க வேண்டுமா?

"யோவ் பூதக்கண்ணாடி, இங்க வா. இது எந்த நாட்டு ராஜா?"

அந்தத் தபால்தலையின் ஓரத்துப் பற்கள் ஒவ்வொன்றும் அச்சு அசலாக இருந்தன. நடுவில் ஜம்மென்று ஒரு கிரீடம். கிரீடத்துக்குக் கீழே முகம் இருக்க வேண்டிய இடத்தில் ஒரு ஸ்பானர். அதன் மேல் வட்டமாக, துல்லியமாக, என் முத்திரை.

"சார், அது வந்து..."

"இன்னிக்கு ஸ்பானருக்குக் குத்தியிருக்க. நாளைக்குச் சுத்தியலுக்குக் குத்துவியா?"

கூடமே சிரித்தது. சூப்பர்வைசரும் சிரித்தார். சிரித்து முடித்த பிறகுதான் தான் சூப்பர்வைசர் என்பது அவருக்கு நினைவுக்கு வந்தது. முகம் மாறிவிட்டது. போலித் தபால்தலை குற்றம், அதற்கு முத்திரை குத்தியது அதைவிடப் பெரிய குற்றம், மேலிடத்துக்குத் தெரிந்தால் தன் தலையும் சேர்ந்து உருளும் என்று புலம்ப ஆரம்பித்தார். உறையை ஒரு பிளாஸ்டிக் பைக்குள் போட்டு வாயை ஒட்டி, "சாட்சிப் பொருள், யாரும் தொடக்கூடாது" என்றார். பையின் மேல் ஒரு எண் வில்லை, அதன் மேல் ஒரு சிவப்புச் சீட்டு, அரக்கு முத்திரை ஒன்று, அது சரியாக விழவில்லை என்று பக்கத்தில் இன்னொன்று, "அவசரம்" என்று பச்சை மையில், அதற்கும் மேல் யாரோ டீ கிளாஸை வைத்த வட்டம். அந்தப் பெண் ஒரு வாரம் உட்கார்ந்து அலங்கரித்ததை எங்கள் அலுவலகம் மூன்றே நாளில் மிஞ்சிவிட்டது. என்ன, அவளுக்கு வரையத் தெரியும்.

தினக்கூலிக்கு அடையாள அட்டை கிடையாது, மருத்துவ விடுப்பு கிடையாது, சம்பளச் சீட்டு கிடையாது. மெமோ மட்டும் உண்டு, மூன்று பிரதிகளில். அதைக் கையில் கொடுத்துவிட்டு சூப்பர்வைசர் என்னைத் தன் அறைக்குள் கூப்பிட்டு, கதவைச் சாத்தி, முதல் முறையாக "உக்காருப்பா" என்றார். உட்கார வேறு நாற்காலி இல்லாததால் நின்றேன்.

"பாரு தம்பி. 'அனுப்பினவங்க வேணும்னே போலித் தலையை வரைஞ்சு என்னை ஏமாத்திட்டாங்க'ன்னு எழுதிக் குடு. நான் போலீஸுக்கு அனுப்பிட்டு ஃபைலை மூடிடறேன். லிஸ்ட்ல உன் பேரு இருக்கும். இல்லேன்னா உன் கவனக்குறைவுன்னு ஆயிடும். அப்ப லிஸ்ட்ல பத்துப் பேர்தான்."

"சார், அந்தப் பொண்ணு ஏமாத்தற ஆள் இல்ல. அசல் தலை அந்தக் கவர்லயே எங்கயாவது இருக்கும் சார்."

"எங்க? காட்டு."

"பையைப் பிரிச்சுத் தொட்டுப் பார்த்தா தெரிஞ்சிடும் சார்."

"தொடக்கூடாதுன்னு எழுதியிருக்குல்ல?"

"நீங்கதானே சார் எழுதினீங்க? தொடாம எப்படிக் காட்டறது?"

"அதைத்தான் நானும் கேக்கறேன்."

அடுத்த வெள்ளிக்கிழமை மதியத்துக்குள் எழுதித் தர வேண்டும் என்று கெடு. பிளாஸ்டிக்கின் மேலிருந்தே கண் வலிக்கப் பார்த்தேன். ஐம்பது டைல்ஸும் ஒன்றுபோல இருந்தன, பூதக்கண்ணாடி தோற்றுவிட்டது. இந்த வாரம் செவ்வாயன்று அடுத்த உறை வந்தது. அதையும் வந்த வேகத்தில் பிடுங்கி மேசை டிராயரில் போட்டுப் பூட்டிவிட்டார்.

உன்னிடம் மறைத்து எனக்கு என்ன ஆகப்போகிறது? எழுதிவிட்டேன் அக்கா. வியாழக்கிழமை சாயங்காலம் அதே ஸ்டூலில் உட்கார்ந்து எழுதினேன். "மேற்படி பெண்மணி தீய நோக்கத்துடன்" என்று எழுதினேன். வார்த்தை சூப்பர்வைசருடையது, கையெழுத்து என்னுடையது. நூறு தடவை என்னைச் சிரிக்க வைத்தவளைப் போலீஸில் மாட்டிவிட எனக்கு அரைப் பக்கம் போதுமாக இருந்தது. நேர்மையாக இருந்திருக்கலாமே என்று நீ கேட்கலாம். அப்படிக் கேட்கிறவர்கள் எல்லாரும் முதுகு சாய்கிற நாற்காலியில் உட்கார்ந்துதான் கேட்கிறார்கள். நீ மட்டும் விலக்கு, நீ ஆலையில் நின்றுகொண்டு வேலை பார்க்கிறவள். காகிதத்தை மடித்துச் சட்டைப் பையில் வைத்தேன். வீட்டுக்குப் போகும் வழியெல்லாம் அது சரசரவென்று சத்தம் போட்டுக்கொண்டே வந்தது.

நேற்று வெள்ளிக்கிழமை. பதினொரு மணி இருக்கும். சூப்பர்வைசரிடம் காகிதத்தைக் கொடுக்க எழுந்தேன். அதற்குள் ஜன்னலில் உட்காரும் அம்மா ஒரு ஆளைக் கூட்டிக்கொண்டு உள்ளே வந்துவிட்டார். குள்ளமான ஆள், அறுபது வயசு இருக்கும், காக்கிச் சட்டை, தோளில் கருவிப் பை, முழங்கை வரை ஈரம். ஏதோ வேலையைப் பாதியில் விட்டுவிட்டு வந்த மாதிரி இருந்தார்.

"சார், இவர் புகார் குடுக்கணுங்கறாரு. எனக்கு ஒண்ணும் புரியல. நீங்களே கேளுங்க" என்று அந்த அம்மா ஒதுங்கிக்கொண்டார்.

"என்னங்க புகார்?"

"ரெண்டு வாரமா எனக்கு வர வேண்டிய லெட்டர் வரல."

முகவரியைக் கேட்டதும் எனக்குக் காது சூடானது. சூப்பர்வைசருக்கும் புரிந்துவிட்டது. "ஓ, நீங்கதானா? வந்தா வாங்கிக்குவீங்களா?"

"வாங்க மாட்டேன்."

"பின்ன என்னய்யா புகார்?"

"வாங்கறதும் வாங்காததும் என் இஷ்டம். கொண்டாந்து குடுக்கறது உங்க வேலை. எங்கிட்ட வராத ஒண்ணை நான் எப்படிங்க வேணாங்கறது?"

அவர் கையில் இருந்த புகார்ப் படிவத்தை எட்டிப் பார்த்தேன். "தாங்கள் கோரும் நிவாரணம்" என்ற இடத்தில் "கடிதத்தை வழக்கம்போல் கொண்டுவர வேண்டும், நான் வழக்கம்போல் திருப்பி அனுப்ப வேண்டும்" என்று தெளிவாக எழுதியிருந்தார். இத்தனை வருஷத்தில் எங்கள் படிவத்தை முழுசாகப் பூர்த்தி செய்த முதல் ஆள் அவர்தான்.

சூப்பர்வைசர் விடவில்லை. பிளாஸ்டிக் பையை எடுத்து மேசையில் போட்டார். "உங்க பொண்ணு பண்ணியிருக்கிற வேலையப் பாருங்க. போலித் தபால்தலை. கேஸ் ஆனா ஜெயிலு!"

பிளம்பர் கண்ணாடியைப் போட்டுக்கொண்டார். ஈரக் கையைச் சட்டையில் இரண்டு பக்கமும் துடைத்தார். குனிந்தார். கிரீடம் வைத்த ஸ்பானரைப் பார்த்ததும் வாயோரம் லேசாக இழுத்தது. சிரிப்பாகவும் இருக்கலாம், பல்வலியாகவும் இருக்கலாம். ஒரு நிமிஷம், இரண்டு நிமிஷம், அசையவில்லை. கூடத்தில் வேலை நின்றுவிட்டது. மூட்டை தூக்குகிறவர்கூட மூட்டையோடு நின்று பார்த்தார்.

"தலை இருக்குதே" என்றார்.

"எங்க இருக்கு?"

"அவ என்னிக்கு மூலையில ஒட்டியிருக்கா? போன மாசம் குடைத்துணியில ஒட்டுப் போட்ட மாதிரி வச்சிருந்தா. அதுக்கு முன்ன பீரோவுல பூட்டு மூடி."

"நீங்கதான் வாங்கறதே இல்லையே, உங்களுக்கெப்படித் தெரியும்?"

"வாங்கறது வேற, பாக்கறது வேற." விரலைப் பிளாஸ்டிக்கின் மேல் வைத்தார். "கீழருந்து ரெண்டாவது வரிசை, குழாய்க்கு இடது கைப்பக்கம் மூணாவது டைல்ஸ். எல்லாக் கோடும் நேரா ஓடுது. அங்க மட்டும் ஒரு மயிரிழை ஏறி நிக்குது பாருங்க. சின்னப் பிள்ளையிலருந்து எம் பின்னாடியே சைட்டுக்கு வந்தவ, அவ கோடு ஏறாது. அது வரைஞ்சதில்ல. ஒட்டினது."

சூப்பர்வைசர் என்னைப் பார்த்தார், நான் அவரைப் பார்த்தேன். தானே போட்ட அரக்கைத் தானே உடைத்து, தானே எழுதிய சிவப்புச் சீட்டைக் கிழித்து, உறையை வெளியே எடுத்து, விரல் நுனியால் அந்த வரிசையைத் தடவினார். மூன்றாவது டைல்ஸில் விரல் தட்டுப்பட்டு நின்றது. தபால்தலையில் அச்சடித்திருந்த நீலப்பூவைப் பார்த்து அதே மாதிரி மீதி நாற்பத்தொன்பதையும் அவள் வரைந்திருந்தாள். "அடேங்கப்பா!" என்றார் சூப்பர்வைசர். அந்த ஒரு வார்த்தையை மட்டும் அவர் யாரும் சொல்லிக்கொடுக்காமல் சொந்தமாகச் சொன்னார். பிறகு ஆர்வம் தாங்காமல் உறையை ட்யூப்லைட்டுக்கு நேராகத் தூக்கிப் பிடித்தார்.

"என்னய்யா இது, உள்ள ஒண்ணுமே இல்ல!"

"இருக்காது" என்றார் பிளம்பர். "நான் பிரிக்க மாட்டேன்னு அவளுக்குத் தெரியும்."

எனக்கு அப்போதுதான் உறைத்தது. அப்பா பிரிக்க மாட்டார். ஆனால் வேண்டாம் என்று சொல்வதற்காவது ஒரு தடவை பார்த்தாக வேண்டும். அந்த ஒரு தடவைக்காகத்தான் அவள் எல்லாவற்றையும் வெளியே போட்டிருக்கிறாள். திருப்பி அனுப்பிய நூறு கடிதத்தையும் அவர் வாசல்படியிலேயே படித்து முடித்திருக்கிறார். நானும் படித்திருக்கிறேன், கடிதம் என்று தெரியாமலே.

"சரி, இந்தாங்க, ரெண்டையும் எடுத்துட்டுப் போங்க" என்று சூப்பர்வைசர் நீட்டினார். பிளம்பர் இரண்டு கையையும் முதுகுக்குப் பின்னால் கட்டிக்கொண்டார்.

"இங்க கையில வாங்கினா வாங்கினதா ஆயிடும். வீட்டுக்கு அனுப்புங்க."

போகிற வழியில் எங்கள் கழிப்பறைக் குழாய் ஒழுகுவதைப் பார்த்து, கேட்காமலே ஸ்பானரை எடுத்து இரண்டு திருகு திருகினார். நின்றுவிட்டது. நான்கு வருஷமாக அந்த ஒழுகலைப் பற்றி எங்கள் அலுவலகத்திலிருந்து இன்னொரு அலுவலகத்துக்குக் கடிதம் போய்க்கொண்டிருந்தது. படியில் அவரைப் பிடித்தேன்.

"ஐயா, தப்பா நினைக்காதீங்க. உங்க ரெண்டு பேருக்கும் என்னதான் சண்டை?"

"அதையும் அந்த ஃபாரத்துல எழுதணுமா?"

"இல்ல..."

"அப்ப விடுங்க தம்பி."

இறங்கிப் போய்விட்டார். திரும்பி உள்ளே வந்தால், போலித் தபால்தலை வழக்கு ஒழிந்தது. என் சட்டைப் பையில் இருந்த காகிதம் இனி வேண்டாம் என்றார் சூப்பர்வைசர். அதைப் பொடிப்பொடியாகக் கிழித்து நான்கு வெவ்வேறு குப்பைத் தொட்டிகளில் போட்டேன். நிம்மதியாக நான் ஸ்டூலில் உட்காருவதற்குள் இரண்டாவது மெமோ வந்தது: வரைந்த தலைக்கு முத்திரை குத்தியது போதாதென்று அசல் தலைக்குக் குத்தாமல் விட்டுவிட்டேனாம். அதற்கு நான் ஒரு உறுதிமொழி எழுதித் தர வேண்டியதாயிற்று. "இனி என் மேசைக்கு வரும் எந்த உறையிலாவது விதிக்குப் புறம்பான எழுத்தோ குறியோ கண்டால், அதை அக்கணமே மேற்பார்வையாளரிடம் ஒப்படைப்பேன், தவறினால் பட்டியலிலிருந்து என் பெயரை நீக்கச் சம்மதிக்கிறேன்." மூன்று பிரதி, மூன்றிலும் கையெழுத்து.

ஆகவே அக்கா, நீ கேட்ட ஒரு வரி இதுதான்: ஆகும். திங்கட்கிழமை போகும் பட்டியலில் பதினொரு பெயர் இருக்கிறது, ஒன்பதாவது நான். உன் தம்பிக்குப் புத்தி வந்துவிட்டது. இனி எவர் வீட்டுச் சண்டையிலும் எனக்கு அக்கறை இல்லை, எந்த உறையையும் இரண்டாம் முறை பார்க்கப் போவதில்லை. முகவரி, தபால்தலை, முத்திரை, பை, அவ்வளவுதான். விதி என்ன சொல்கிறதோ அதுவே என் வாக்கு என்று அத்தானிடம் தைரியமாகச் சொல்லு. அவர் இனி என்னை அதிகாரி என்று சொன்னாலும் பாதிப் பொய்யாகத்தான் இருக்கும்.

அத்தானுக்கு என் வணக்கங்கள். அவர் முழங்காலுக்கு என் தனிப்பட்ட அனுதாபங்கள். பிள்ளைகளுக்கு ஆளுக்கொரு முத்தம், சின்னவளுக்கு ஒன்று கூடுதலாக, பெரியவளிடம் சொல்லாதே. நீ வேளைக்குச் சாப்பிடு, ஆலையில் உட்கார ஏதாவது கேட்டு வாங்கு, கொடுக்காவிட்டால் சண்டை போடு. உன் ஆசியால் எல்லாம் சரியாகும் என்று நம்பும்,

உன் தம்பி.

பின்குறிப்பு: இதை மடிப்பதற்குள் சாயங்காலத் தொட்டி வந்துவிட்டது. இன்று காலை இரண்டு உறைகளையும் அந்த வீட்டுக்கு அனுப்பியிருந்தோம், மெமோ போட்ட அசல் தலைக்கு முத்திரை குத்த எல்லாருமே மறந்து. இரண்டுமே திரும்பிவிட்டன. இரண்டிலும் "வாங்க மறுப்பு" இருக்கிறது. ஆனால் தபால்காரர் தொட்டியை வைக்கும்போதே, "இன்னிக்கு அந்த ஆளு எங்கிட்ட பேனா வாங்கினாருப்பா" என்று சொல்லிவிட்டுப் போனார். குளியலறை உறையை எடுத்துப் பார்த்தேன். அவள் வரைந்திருந்த குழாயின் மேல் நீல மையில் ஒரு பெருக்கல் குறி. பக்கத்தில் சரியான வளைவு ஒன்றைத் தடித்த கோட்டில் வரைந்து, கீழே எழுதியிருக்கிறார்: "குழாய் இப்படி வளையாது. வீட்டில் இருப்பதை வந்து பார்த்து வரை."

மறுத்துத் திருப்பும் உறையில் ஒரு சொல் எழுதினாலும் அது தபால்தலை இல்லாத புதுக் கடிதம், பிடித்து வைக்க வேண்டும் என்பது விதி. சூப்பர்வைசர் அறையில்தான் இருந்தார், என் ஸ்டூலிலிருந்து பத்தடி. நான் கீழிருந்து இரண்டாவது வரிசை மூன்றாவது டைல்ஸில் முத்திரையைச் சரியாகக் குத்தி, உறையை அவள் பக்கத்துப் பையில் போட்டு, பையின் வாயையும் கட்டிவிட்டேன். வண்டி போய்விட்டது. யாராவது வழியில் பிரித்துப் பார்த்தால் பட்டியலில் பத்துப் பேர்தான், அதனால் அத்தானிடம் இப்போதைக்கு எதையும் சொல்லாதே. இரண்டு வருஷத்தில் முதல் முறையாக, வருகிற செவ்வாய்க்கிழமை அந்தத் தொட்டியில் உறை எதுவும் விழக்கூடாது என்று நினைத்துக்கொண்டு உட்கார்ந்திருக்கிறேன்.